பக்கத்து வீட்டில் எரிந்த விளக்கு

கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் வீட்டில் கரண்ட் போகாது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் எத்தனையோ முறை மறுத்துப் பார்த்துவிட்டேன், பலனில்லை. மின்தடை வந்தால் முதல் வேலையாக என் வாசலில் வந்து நிற்பார்கள். "மாமி, எப்போ வருமாம்?" எனக்கு எப்படித் தெரியும்? நான் இருப்பது பென்ஷன் பிரிவில். ஃப்யூஸ் போனால் கட்டத் தெரியாது. பல்பு மாற்ற வேண்டும் என்றால்கூட ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு அவரைத்தான் கூப்பிடுவேன்.

அவர் என்றால் என் கணவர். அவர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நான் சொல்லப்போவது அவர் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் நடந்தது.

அவருக்கு நுரையீரல் தடித்துச் சுருங்கிப்போகிற வியாதி. பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை, ஆக்ஸிஜன்தான் வைக்க வேண்டும் என்றார். அதற்காக வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வைத்தோம். சின்ன ஃபிரிட்ஜ் உயரம் இருக்கும். காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வரவில்லை.

கரண்ட் போனால் மற்றவர்கள் வீட்டில் ஃபேன் நிற்கும், சீரியல் நிற்கும். எங்கள் வீட்டில் மூச்சு நிற்கும். மெஷின் நின்றதும் 'பீ' என்று ஓர் அலறல் போடும். அந்த அலறலுக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆபீஸில் யாருடைய செல்போனாவது அதே மாதிரி கத்தினால் என் கை பேனாவை விட்டுவிடும். வானம் இருட்டினால் பயம். ஏப்ரலில் வெயில் கொளுத்தினாலும் பயம். கேன்டீனில் இன்ஜினியர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பகலில் கூரைக்குக் கூரை சோலார் வந்து கரண்ட் வழிகிறதாம். சாயங்காலம் வெயில் இறங்கி, ஊர் முழுக்க ஏசியைப் போட்டதும், வெளி மாநிலங்களிடம் கையேந்த வேண்டியிருக்கிறதாம். தேசம் மொத்தமும் ஒரே கம்பியில் கோத்திருப்பதால் வடக்கே எங்கோ ஒரு நிலையம் படுத்தால் இங்கேயும் ஆட்டம் காணுமாம். அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு இதையெல்லாம் கிரிக்கெட் மாதிரிப் பேசுவார்கள். நான் பாதி வடையோடு எழுந்து வந்துவிடுவேன்.

"நீ இப்படிப் பயந்தா எனக்கு முன்னாடி நீ போய்ச் சேருவாய், கேட்டியோ" என்பார் அவர்.

மெஷினை நாங்கள் பின்கட்டு அறையில் வைத்திருந்தோம். அவர் படுக்கையும் அங்கேதான். குளியலறை பக்கம், கொல்லையிலிருந்து காற்றும் வரும். அந்த அறைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

கோட்டைக்குள் இருக்கிற எங்கள் தெருவில் எல்லாம் ஒட்டு வீடுகள். எங்கள் வீடும் அடுத்த வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. என் மாமனாரும் அவர் அண்ணாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரை ஓட்டுக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்திவிட்டார்கள். காசு தீர்ந்துபோயிற்றா, மனசு வரவில்லையா, தெரியாது. அவர்கள் வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். சுவர் வந்ததே தவிர, வயரிங்கை யாரும் பிரிக்கவில்லை. எங்கள் பின்கட்டு அறையின் விளக்கு, ஃபேன், பிளக் எல்லாம் அடுத்த வீட்டு மீட்டரில் ஓடின. அவர்களுடைய கிணற்று மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடியது. நீ என்னுடையதை வைத்துக்கொள், நான் உன்னுடையதை வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு குடும்ப ஒப்பந்தம். பாகம் பிரித்தவர்கள் போய்விட்டார்கள், ஒப்பந்தம் மட்டும் நிற்கிறது. தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான். அடுத்த வீட்டில் இப்போது இருப்பது என் கணவரின் பெரியப்பா பிள்ளையும் மன்னியும். அவர்கள் வீட்டு ஃப்யூஸ் போனால் எங்கள் பின்கட்டு இருளும். மன்னி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "உங்காத்துலயும் போச்சா?" என்று கேட்பாள். கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் வீட்டு லட்சணம் இது.

ஆபீஸில் எனக்கு இன்னொரு பயமும் கிடைத்தது. அது எனக்குச் சொந்தமான பயம் இல்லை, இரவல். வேலையில் இருக்கும்போது இறந்துபோன லைன்மேன்களின் மனைவிமார்கள் குடும்பப் பென்ஷனுக்காக என் மேஜைக்குத்தான் வருவார்கள். பெரும்பாலும் சின்ன வயசு. கூட ஓர் அண்ணனோ மாமனோ வந்திருப்பான், அவன்தான் பேசுவான். நெடுமங்காடு பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் தனியாக வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "லைன் ஆஃப் ஆக்கியிட்டுதான் கேறியது, மேடம்." லைனை அணைத்துவிட்டுத்தான் அவள் புருஷன் போஸ்டில், அதாவது மின்கம்பத்தில், ஏறினானாம். அதையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கவனமில்லாதவன் என்று நான் எங்கே நினைத்துவிடுவேனோ என்று அவளுக்கு ஆதங்கம். பக்கத்தில் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டுக்குள் நிற்காமல் கம்பி வழியாகத் திரும்பி ஏறியிருக்கிறது.

அது எப்படி என்று கேன்டீனில் ஓர் இன்ஜினியரிடம் கேட்டேன். "கம்பிக்கு வீடு எது, போஸ்ட் எதுன்னு தெரியாது மேடம். மெயின் ஸ்விட்ச் ஆன்ல இருந்தா உள்ளேயிருந்தும் வெளியே போகும்" என்றார். அன்று முதல் தெருவில் போஸ்டில் யாராவது நின்றால் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்துகொண்டு போய்விடுவேன்.

அந்த மழைநாள் காலையில் பெருங்காற்று அடித்தது. தெருக்கோடியில் ஒரு மாமரக்கிளை முறிந்து கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்தது. எங்கள் வீடு கோடியிலிருந்து மூன்றாவது. ஊர் முழுக்க அன்று இதே கதைதான். பழவங்காடியில் முழங்கால் தண்ணீர், தம்பானூரில் அதற்கு மேலே என்று செய்தி வந்தது. மெஷின் அலறியது. இன்வர்ட்டரிலிருந்து பின்கட்டுவரை ஒரு நீள ஒயரை இழுத்து வைத்திருந்தோம், அதில் மாட்டினேன். பாட்டரி பழசு. மத்தியானத்துக்கு முன்பே அது கையை விரித்துவிட்டது. அப்புறம் சிலிண்டர். அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒரே சிலிண்டர் அது. முள் மெதுவாகக் கீழே வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நிரப்பிய சிலிண்டர் கொண்டுவருகிற வண்டி சாலைக் கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவருக்கு நான் போன் செய்யச் செய்ய, அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆம்புலன்ஸைக் கேட்டேன். வருகிறோம், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

செக்‌ஷன் ஆபீஸிலிருந்து ஆள் வருவதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. இரண்டு பேர். ஒருவர் டிரான்ஸ்பார்மரடியில் நின்றுகொண்டார், மற்றவர் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற போஸ்டுக்கு ஏணியோடு வந்தார். மழை விடவில்லை. நான் ஓடிப்போய், உள்ளே ஆக்ஸிஜன் நோயாளி இருக்கிறார் என்று சொன்னேன். "சேச்சி பேடிக்கண்டா. லைன் ஆஃப் ஆக்கியாச்சு. கம்பி கட்டிட்டா கரண்ட் வந்துரும்" என்றார். எல்லையோரம் பாறசாலைப் பக்கத்து ஆள் போல, தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் கூடியது.

அப்போதுதான் லைட் அண்ட் சவுண்ட்காரர் வந்தார். நாகர்கோவில்காரர். எங்கள் தெருவில் பூட்டிக்கிடக்கிற ஒரு வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து, கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் வாடகைக்கு விடுகிற விளக்கு, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் அங்கே வைத்திருந்தார். "மாமி, என்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா? ஜெனரேட்டர் சும்மால்லா கெடக்கு" என்று அந்த மழையிலேயே தள்ளிக்கொண்டு வந்தார். புகை உள்ளே வந்தால் என் கணவருக்கு ஆகாது என்பதால் கொல்லையில் கிணற்றடிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். கல்யாண வீடுகளில் அவர் வழக்கமாகச் செய்கிறபடியே செய்தார். இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஓர் ஒயர் அவரிடம் உண்டு. ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை சுவர் பிளக்கில். அப்படிச் செய்தால் மொத்த அறைக்கும் கரண்ட் வந்துவிடும். "மெஷின் மட்டும் போருமா, ஃபேனும் ஓடணும்லா" என்றார்.

அவசரத்திலும் அவர் பொறுப்பில்லாமல் நடக்கவில்லை. ஜெனரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் வாசல் ரேழிக்குப் போய் எங்கள் மெயின் ஸ்விட்சை இறக்கினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கிடுங்க மாமி. ஆஃப். வெளிய ஆள் நிக்காம்லா, நம்ம கரண்ட் அங்க போயிரப்பிடாது." எனக்கு நெடுமங்காட்டுக்காரி ஞாபகம் வந்தது. இவரைப்போல ஓர் ஆள் அந்தக் கல்யாண வீட்டில் இருந்திருக்கலாமே என்று நினைத்து அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஜெனரேட்டர் கிளம்பியது. மெஷின் உறுமியது. ஃபேன் சுற்றியது. அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "கல்யாணக் களை வந்துடுத்து" என்றார். எனக்கு அழுகை வந்தது. லைட்காரர் தெருவுக்குப் போனார். நான் ஒரு வாய் காப்பியாவது போடலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தேன்.

சமையலறை இருட்டாக இருந்தது. மெயின் இறக்கியிருப்பதால் அப்படித்தான் இருக்கும். ஆனால் சுவருக்கு மேலே, ஓட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம். நான் கையில் தூக்குப் பாத்திரத்தோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டில் ஆள் இல்லை. மன்னியும் அவள் கணவரும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திருடன் வந்தால் ஆள் இருக்கிறது என்று நினைக்கட்டும் என்று கூடத்து விளக்கை எரியவிட்டுவிட்டுப் போவது மன்னியின் வழக்கம். காலையிலிருந்து அது அணைந்திருந்தது. இப்போது எரிகிறது.

கரண்ட் வந்துவிட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. பின்கட்டுப் பிளக் எங்கள் மீட்டர் இல்லை. நாங்கள் இறக்கிய மெயினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெனரேட்டர் கரண்ட் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர்கள் மெயின் ஆனில்தான் இருக்கிறது. அங்கேயிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து தெரு, தெருவில் அந்தக் கம்பி. அந்தக் கம்பியில் ஒரு மனுஷர் கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்கட்டு வழியாக ஓடும்போது அவர் என்ன என்று கேட்டது காதில் விழுந்தது. கொல்லையில் மழை முகத்தில் அடித்தது. ஜெனரேட்டரில் எங்கே கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கலாம் என்று குனிந்தேன். ஈரக் கையால் பிடுங்கியிருந்தால் நான் போயிருப்பேன் என்று பிறகு சொன்னார்கள். ஏதோ ஒரு சிவப்புப் பொத்தான் கண்ணில் பட்டது. அதை இரண்டு கையாலும் அழுத்தினேன். ஜெனரேட்டர் திணறி நின்றது.

உடனே மெஷின் அலறியது. ஓடிவந்து சிலிண்டரைத் திறந்தேன். முள் ஏறக்குறைய அடியில் கிடந்தது. குழாயை மாற்றினேன். அவர் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கி, நின்று, ஒரு படி ஏறியது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் அங்கேயிருந்து நகர முடியவில்லை. சிலிண்டர் மட்டும் காரணம் இல்லை. வாசலுக்குப் போனால் தெருவில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டிவரும். கூட்டம், சத்தம், யாராவது ஐயோ என்று அலறுவது, இதில் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. அதுவும் எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. செத்தவன் சத்தம் போட மாட்டான்.

லைட்காரர் வாசல் வழியாக உள்ளே வந்தார். "ஏன் மாமி நின்னுட்டு? பெட்ரோல் கொஞ்சம் இருக்கே." சுவருக்கு மேலே கையைக் காட்டினேன். திக்கித் திக்கி, பக்கத்து வீட்டு மீட்டர் என்றேன். அவருக்கு விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும் அந்தக் கறுத்த முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வெளியே ஓடினார். ஓடியவர் திரும்பவில்லை. நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, குருவாயூரப்பா, பகவதி என்று தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். "என்னடி ஆச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லை, பேசாதேங்கோ" என்றேன்.

பிறகு ரேழியில் காலடிச் சத்தம் கேட்டது. லைன்மேன்தான், நடந்து வந்தார். லைட்காரர் அவர் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தார். லைன்மேன் இடது கையால் வலது கையைப் பிடித்திருந்தார். கம்பியை முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கமாம். முதலில் தொட்டபோது ஒன்றும் இல்லை. சாமானை எடுத்துக்கொண்டு மறுபடியும் புறங்கையை வைத்தபோது அது அவரை உதறித் தள்ளியிருக்கிறது. இடுப்புப் பெல்ட் இல்லாவிட்டால் கீழே விழுந்திருப்பார். உள்ளங்கையால் பிடித்திருந்தால் விழக்கூட முடியாது, அது விடாது.

"இவ்விடத்துலருந்தா வந்தது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆமாம் என்றேன். சுவர், பாகம், மீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது. லைட்காரர் இதற்குள் சுவர்ப் பிளக்கிலிருந்து அந்த ஒயரை எடுத்துவிட்டு, இன்வர்ட்டருக்கு நாங்கள் வைத்திருந்த நீள ஒயரை ஜெனரேட்டரில் நேராகச் செருகி, மெஷினை அதில் மாட்டினார். இப்போது சுவருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மெஷின் மறுபடியும் உறுமியது. ஜெனரேட்டர் டாங்கில் பெட்ரோல் அதிகம் இல்லை என்று அவர் கேனை எடுத்துக்கொண்டு பங்க்கைத் தேடித் தண்ணீரில் இறங்கிப் போனார்.

லைன்மேன் எழுந்திருக்கவில்லை. ரேழிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். "கொறச்சு கழிஞ்சு கேறாம், சேச்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஏறுகிறேன் என்று. ஏற வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாங்கில் பெட்ரோல் இல்லை, சிலிண்டரில் காற்று இல்லை, அவர் ஏறினால்தான் என் வீட்டில் மூச்சு. அதை நினைக்க எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"வேற வீட்டில ஜெனரேட்டர் உண்டோ?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றேன். "ஆனா வயரிங் பாதி வீட்ல இப்படித்தான்."

கரண்ட் வந்தால் மண்ணுக்குள் இறங்கும்படி கம்பியை மண்ணோடு சேர்த்துக் கட்டுகிற சங்கிலியை இந்தப் பக்கமும் மாட்டுவேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றார். "சேச்சி ஒண்ணு செய்யணும். அறுந்த எடத்துக்கு இப்புறம் உள்ள எல்லா வீட்டு ஃப்யூசும் ஊரி எடுங்க. மெயின் ஆஃப் மட்டும் போராது. ஃப்யூஸ் சேச்சி கையில இருக்கணும். நான் எறங்குற வரைக்கும் போஸ்டுக்குக் கீழ நிக்கணும். நின்னா நான் கேறாம்."

நான் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆபீஸ் போகிற நாட்களில் மன்னி வந்து உட்காருவாள், மற்றபடி என் கணவரைத் தனியாக விட்டு நான் குளிக்கக்கூடப் போனதில்லை. உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். பெட்ரோல் வந்துவிடும் என்றும் சொன்னேன், வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போ" என்றார்.

எங்கள் வீட்டையும் சேர்த்து இப்புறம் ஐந்தாறு வீடுகள்தான். இரண்டில்தான் ஆள் இருந்தார்கள். பூட்டிய வீடுகளில் மீட்டர் வாசலிலேயே இருந்தது. மன்னி வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அந்த வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை என் வாழ்நாளில் அன்றுதான் தொட்டேன். பிடுங்கும்போது ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டுடையதையும் எடுத்தேன். எல்லாவற்றையும் புடவை மடியில் கட்டிக்கொண்டு போய் போஸ்டடியில் நின்றேன். மடி கனத்தது. லைன்மேன் என்னைப் பார்த்து, "இனி வராதுல்லே?" என்று கேட்டார்.

"வராது" என்றேன். எந்தக் கடவுள் அந்தச் சொல்லை என் வாயில் வைத்தாரோ, தெரியாது. நான் யார், அதைச் சொல்வதற்கு.

அவர் ஏறினார். அன்று நான் அண்ணாந்து பார்த்தேன். ஏணிக்கு மேலே அவர் செருப்பின் அடிப்பாகமும் மழைக்கோட்டின் நுனியும் தெரிந்தன. அவர் கையை நீட்டும்போதெல்லாம் என் மூச்சு நின்றது. மறுபக்கம் வீட்டு வாசல் திறந்திருந்தது. ரேழி, கூடம், பின்கட்டு எல்லாம் ஒரே நேர்க்கோடு என்பதால் கொல்லையில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் மெல்லியதாகக் கேட்டது. ஒரு காது அங்கே, இரண்டு கண்ணும் மேலே.

அவர் ஒரு முனையைக் கட்டி முடித்து, மறு முனையை இழுத்துக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் சத்தம் நின்றது.

லைட்காரர் வரவில்லை. தெருமுனைவரைக்கும் பார்த்தேன், தண்ணீர்தான் தெரிந்தது. மேலே இருப்பவரிடம் சொன்னால் அவர் அவசரப்படுவார், அவசரத்தில் கை தவறும். சொல்லாமல் நின்றால் உள்ளே அவர். நான் எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். பிறகு மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அவர் எப்படியோ எட்டி, சிலிண்டரைத் தானே திறந்து, குழாயைத் தானே மாட்டியிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்வந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அவன் எறங்கியாச்சோ?"

"இல்லை" என்றேன்.

"அப்போ இங்க என்ன பண்றே?"

ஒரு பேச்சுக்கு இரண்டு மூச்சு வாங்கினார். அவர் கையை எடுத்து என் மடியைத் தள்ளினார். ஃப்யூஸ் கட்டைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. "போ" என்றார்.

நான் போனேன். திரும்பிப் பார்த்தால் போக மாட்டேன் என்று தெரியும், அதனால் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி, மழையில், அதே இடத்தில் போய் நின்றேன். மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். நான் அங்கே இருக்கிறேனா என்று பார்த்தார். இருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். அவர் மறுபடியும் கம்பிக்குத் திரும்பினார். அவரை அவசரப்படுத்த என் உடம்பு முழுதும் துடித்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டேன். அந்த நேரத்தில் என் புருஷன் உள்ளே செத்துக்கொண்டிருக்கலாம் என்றும் நினைத்தேன், இந்த மனுஷர் மேலே சாகலாம் என்றும் நினைத்தேன். எதற்கு அதிகம் பயந்தேன் என்று பின்னால் ஒரு நாள் என் கணவரே கேட்டார், அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் முடியாது.

ஏணியின் கடைசிப் படியில் ஒரு கால், பிறகு தண்ணீரில் ஒரு கால். இரண்டு காலும் தரையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் மடியை அவிழ்த்தேன்.